‘பீதி வேண்டாம்’ என்று எழுதிய பிறகு: காய்ச்சல் நோட்டீஸ் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மாநகர நல அலுவலர்களுக்கும், வட்டார மருத்துவ அலுவலர்களுக்கும், சுகாதார ஆய்வாளர்களுக்கும், பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் காய்ச்சல் நோட்டீஸ்களும் வந்துவிடும். பள்ளி வாசலில், ரேஷன் கடைச் சுவரில், குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் என்று எங்கும் ஒட்டப்படும் வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான்: பொதுமக்கள் பீதியடைய வேண்டாம், கைகளைச் சோப்பால் கழுவவும், முகக்கவசம் அணியவும், சுய மருத்துவம் தவிர்க்கவும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். இதில் ஒரு வரிகூடத் தவறில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு 103 டிகிரி கொதிக்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கு இதில் ஒரு வரிகூட உதவாது. அலமாரியில் இருக்கும் இரண்டு பாராசிட்டமால் புட்டிகளில் எதைக் கொடுப்பது, எத்தனை மி.லி.? விடியும்வரை பொறுக்கலாமா, இப்போதே ஆட்டோ பிடிக்க வேண்டுமா? சர்க்கரை உள்ள மாமனாரை எந்த அறையில் படுக்க வைப்பது? வியாழக்கிழமை பரீட்சைக்கு அனுப்பலாமா? அவள் கேட்பது இவற்றைத்தான்.

குழந்தை மருத்துவத்திலும் மருந்தகத்திலும் களப்பணியிலும் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். இந்த ஆண்டு நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கும் முன், அதில் எவையெல்லாம் மணிக்கணக்காகவும் மி.லி. கணக்காகவும் இருக்க வேண்டும் என்று சொல்வதே நோக்கம்.

முதலில் மாதக் கணக்கு. நாட்டின் பெரும்பகுதியில் இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ காய்ச்சல்) தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஜூன் முதல் செப்டம்பர் வரையில் உச்சம் தொடும். சென்னை, வேலூர் பக்கத்தில் அது வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் நவம்பரில் ஏறுகிறது. வடக்கே எழுதிய சுற்றறிக்கையை அப்படியே தமிழாக்கி ஒட்டினால் ஃப்ளூ தடுப்பூசி பற்றிய வரி தவறான மாதத்தில் போய் நிற்கும். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். அதனால் செப்டம்பர் நடுப்பகுதிக்குள் போட்டுக்கொள்ளச் சொல்வதுதான் நமக்குப் பொருந்தும். நவம்பரில் போட்டாலும் பயன் உண்டு. ஆனால் அந்த இரண்டு வாரத்துக்குக் காப்பு இல்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் ‘ஊசி போட்டும் காய்ச்சல் வந்ததே’ என்ற பேச்சு கிளம்பி அடுத்த ஆண்டு முகாமைக் காலியாக்கும். எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு முதன்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் போட முடியாது, அதன் பாதுகாப்பு தாய்க்குப் போடுவதில்தான் இருக்கிறது. ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரை ஒட்டி வைத்து ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இந்த ஊசி அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. ஆகவே ‘அனைவரும் போட்டுக்கொள்ளவும்’ என்று எழுதினால் வசதியுள்ளவர் போட்டுக்கொள்வார், ஆபத்தில் இருப்பவர் நழுவிவிடுவார். வரிசையாகச் சொல்லுங்கள்: எந்த மாதமானாலும் கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், ஆஸ்துமா, சிறுநீரகம், கல்லீரல் நோய் உள்ளவர்கள், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், பிறகு இவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள். இவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை வாங்கும் சர்க்கரை நோயாளிகளின் பட்டியல் உங்களிடமே இருக்கிறது. மாத்திரை கொண்டுபோகும் ஊழியரிடம் இந்த மூன்று மாதத்துக்கு ஒரு கேள்வியைச் சேர்த்துக் கொடுங்கள்: ‘வீட்டில் யாருக்காவது இருமலோடு காய்ச்சல் இருக்கிறதா?’ ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவ அலுவலருக்குத் தகவல் போக வேண்டும். ஏன் அன்றைக்கே என்பது அடுத்த விஷயம்.

2009-இல் ஹெச்1என்1 எனும் பன்றிக் காய்ச்சல் பரவியபோது மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. மருத்துவர்களுக்கு இது பழைய பாடம். மக்களுக்கு யாரும் சொல்லவே இல்லை என்பதுதான் எங்கள் வருத்தம். மிதமான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி இருந்தால் ஏ. இவர்களுக்குச் சோதனையும் வேண்டாம், வைரஸ் மருந்தும் வேண்டாம். வீட்டில் தனியாகப் படுத்து, 24 முதல் 48 மணி நேரத்தில் நிலைமையை மறுபடி பார்த்தால் போதும். கடுமையான காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தால், அல்லது அறிகுறி லேசாக இருந்தும் மேலே சொன்ன ஆபத்து வரிசையில் ஒருவர் இருந்தால் பி. இவர்களுக்கும் சோதனை தேவையில்லை. மருத்துவர் பார்த்து ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் மருந்தைத் தொடங்கலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது, சளியில் ரத்தம், நகம் நீலமாவது எல்லாம் சி. சோதனை, மருத்துவமனைச் சேர்க்கை, மருந்து மூன்றும் உடனே.

நடப்பது தலைகீழ். ஏ பிரிவில் இருக்கும் இளைஞர் பயந்து பணம் கட்டி மூக்கில் குச்சி விட்டுச் சோதனை செய்கிறார். பி பிரிவில் இருக்கும் சர்க்கரை நோயாளி, ‘ரிசல்ட் வரட்டும்’ என்று காத்திருக்கிறார். ஓசெல்டாமிவிர் நன்றாக வேலை செய்வது அறிகுறி தொடங்கிய முதல் 48 மணி நேரத்தில். முடிவு கைக்கு வரும்போது அந்த நேரம் ஓடிப்போயிருக்கும். (நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு 48 மணி கடந்தாலும் கொடுக்க வேண்டும், ‘நேரமாகிவிட்டது’ என்று விட்டுவிடக் கூடாது.)

மருந்தின் அளவை மருத்துவர் எழுதுவார் என்றாலும் மருந்தாளுநர் கண்ணில் படும்படி ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் இது இருக்கட்டும். பெரியவர்களுக்கு 75 மி.கி., நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு எடைதான் கணக்கு: 15 கிலோ வரை 30 மி.கி., 23 வரை 45, 40 வரை 60, அதற்கு மேல் 75. எல்லாமே இரண்டு வேளை, ஐந்து நாள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவு குறையும். திரவ மருந்தில் மி.லி.க்கு 6 மி.கி., 12 மி.கி. என்று இரண்டு செறிவுகள் உண்டு. சீட்டில் ‘5 மி.லி.’ என்று மட்டும் எழுதினால் ஒரு புட்டியில் 30 மி.கி. போகும், இன்னொன்றில் 60. எப்போதும் மி.கி.யில் எழுதச் சொல்லுங்கள். திரவம் கிடைக்காத ஊரில் மாத்திரைக்கூட்டை (கேப்ஸ்யூல்) பிரித்துச் சர்க்கரைப் பாகில் கலக்கலாம், கசப்பு தெரியாது. ஆனால் 75 மி.கி. கூட்டிலிருந்து 30 மி.கி.யைக் கண்ணளவில் பிரிப்பது வேண்டாம், 30, 45 கூடுகளும் வருகின்றன. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரலாம். வாந்தியைக் கண்டு இரண்டாம் நாளே நிறுத்துவதும், மிச்சத்தை அண்ணனுக்குக் கொடுப்பதும்தான் அதிகம் நடக்கும் பிழைகள்.

வைரஸ் மருந்தைவிட அதிகம் விழுங்கப்படுவதும், அதிகம் தவறாகக் கொடுக்கப்படுவதும் பாராசிட்டமால். உங்கள் நோட்டீஸில் பாதி இடத்தை இதற்குக் கொடுத்தாலும் தகும். பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், ஆறு மணி நேரமானால் நல்லது; 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. 12 கிலோ பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் 180 மி.கி. கடையில் விற்கும் சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றால் அது 7.5 மி.லி.; 250 மி.கி. என்றால் 3.6 மி.லி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒவ்வொரு மி.லி.யிலும் 100 மி.கி. இருக்கும், அதில் 1.8 மி.லி. போதும். அக்காவுக்கு எழுதிய ‘7.5 மி.லி.’ என்ற அளவை நினைவில் வைத்துத் தம்பியின் சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து ஊற்றினால் 750 மி.கி. போய்விடும், நான்கு மடங்குக்கும் மேல். இரண்டு மூன்று நாள் இப்படியே தொடர்ந்தால் கல்லீரல் தாங்காது. சமையலறைக் கரண்டி வீட்டுக்கு வீடு ஒரு கொள்ளளவு. புட்டியோடு வரும் அளவு மூடியும், ஊசியில்லாத சிரிஞ்சும்தான் அளவை. புட்டி அட்டையில் ‘5 மி.லி.க்கு எத்தனை மி.கி.’ என்று எங்கே அச்சாகியிருக்கும் என்பதைப் படம் போட்டுக் காட்டுங்கள்.

பெரியவர்களுக்கு வரும் வினை வேறு விதம். காய்ச்சலுக்கு ஒரு 650 மி.கி. மாத்திரை, சளிக்கு ஒரு கூட்டு மாத்திரை, உடம்பு வலிக்கு இன்னொன்று என்று மூன்றையும் போட்டுக்கொள்வார்கள். மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கும். ஒரு நாளில் 4 கிராம் என்பது எல்லை. மது அருந்துபவருக்கும் கல்லீரல் நோயாளிக்கும் அதற்கும் வெகு கீழே.

கொடுக்கக் கூடாதவற்றையும் பெயர் சொல்லியே எழுத வேண்டும். ‘வலி மாத்திரை வேண்டாம்’ என்றால் யாருக்கும் புரியாது. நம் மழைக்காலத்தில் இன்ஃப்ளூயன்சாவும் டெங்குவும் ஒரே தெருவில் ஒரே வாரத்தில் வரும். எது எது என்று தெளியும்வரை மெஃபனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பிள்ளைகளுக்கு ஃப்ளூவில் ஆஸ்பிரின் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய நோய்க்குக் காரணமாகலாம். (இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவரைக் கேட்க வேண்டும். இந்த அடைப்புக்குறியை நோட்டீஸிலும் விடாதீர்கள்.) குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்து நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது, மருந்தகங்களில் இன்னும் கேட்டு வாங்குகிறார்கள். இருமல் சிரப்பைப் பற்றி நாம் கூடுதலாகவே பேச வேண்டும். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததற்குக் காரணமான, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சிறு பிள்ளைகளின் சாதாரண இருமலுக்குச் சிரப் தேவையே இல்லை. ஒரு வயதைத் தாண்டியவர்களுக்கு அரைத் தேக்கரண்டி தேன், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, அவ்வளவுதான்.

காய்ச்சலுக்குப் போடும் ஊசி விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே எழுதுங்கள். ‘ஒரு ஊசி போட்டு விடுங்க’ என்று கேட்டு வாங்கும் ஊசியில் பல இடங்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும்தான் இருக்கின்றன. அன்று மாலை காய்ச்சல் இறங்கும், பசிக்கும், கைராசிக்கார டாக்டர் என்று பெயர் வரும். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்குமே தவிர வைரஸை நிறுத்தாது. ஃப்ளூ நிமோனியாவில் அது நிலைமையை மோசமாக்கும். அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது.

டெங்குவா ஃப்ளூவா என்று வீட்டில் முடிவு கட்ட முடியாது. ஆனால் எந்த நாளில் உஷாராக வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். மூக்கு ஒழுகி, இருமலும் தொண்டை வலியும் முன்னால் நின்றால் ஃப்ளூ பக்கம் சாயும். இருமலே இல்லாமல் கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, தோல் சிவப்பு என்றால் டெங்கு பக்கம். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் விடும் நேரத்தில் வருகிறது, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். உடம்பு குளிர்ந்து, வயிறு வலித்து, ஓயாமல் வாந்தி எடுத்து, பிள்ளை சோர்ந்து படுத்தால் ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று மகிழக் கூடாது. ஃப்ளூவில் ஆபத்தின் முகம் வேறு: காய்ச்சல் விட்டு இரண்டு நாள் நன்றாக இருந்து, மறுபடி காய்ச்சலும் கெட்டியான சளியும் வந்தால் நுரையீரலில் பாக்டீரியா புகுந்திருக்கலாம், இங்கேதான் ஆன்டிபயாடிக்குக்கு வேலை.

‘மூச்சுத் திணறல் இருந்தால் மருத்துவமனை செல்லவும்’ என்ற வரியை எண்ணாக மாற்றுங்கள். பிள்ளை தூங்கும்போது அல்லது அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம், சிறு குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மாட்டாமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினால் எழாமல் கிடந்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் 108. பெரியவர்களுக்கு ஆக்சிமீட்டர் இருந்தால், ஆக்சிஜன் அளவு 94 சதவீதமோ அதற்குக் கீழோ காட்டினால் மருத்துவமனை; மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத, குளிர்ந்துபோகாத விரலில், அரை நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்கும் பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் இருப்பவருக்கும் காய்ச்சலும் இருமலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவர். தாய்க்குக் காய்ச்சல் என்று தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுக்கட்டும்.

தலைமை ஆசிரியர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்கிவிடுகிறார். பிறகு ஐந்தாறு நாள், பிள்ளைகளானால் இன்னும் கூட. விதி இதுதான்: பாராசிட்டமால் கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் பள்ளிக்கு வரலாம். ‘கொடுக்காமலேயே’ என்ற சொல்லைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். காலை ஏழு மணிக்கு மாத்திரை போட்டு அனுப்பிய பிள்ளைக்குப் பதினொரு மணி இடைவேளைக்குப் பிறகு காய்ச்சல் திரும்பும். அதற்குள் ஒரு பெஞ்சுக்கே கொடுத்திருக்கும். பெற்றோர் ஏன் அப்படி அனுப்புகிறார்கள்? முழு வருகைக்குச் சான்றிதழ், வகுப்புத் தேர்வு மதிப்பெண், டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. தாய் கூலி வேலைக்குப் போக வேண்டிய வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. கடைசிக் காரணத்துக்கு உங்களிடம் மருந்தில்லை. முதல் மூன்றுக்கு இருக்கிறது: அக்டோபர் முதல் டிசம்பர் வரை முழு வருகைப் பரிசை நிறுத்தி வையுங்கள், காய்ச்சலால் தவறிய தேர்வுக்கு மறுதேர்வு உண்டு என்று எழுத்தில் கொடுங்கள். ஆயிரம் கைகழுவும் சுவரொட்டியைவிட இந்த ஒரு தாள் வேலை செய்யும்.

மழைச் சாரல் என்று வகுப்பின் எல்லாச் சன்னலையும் அடைத்துவிடாதீர்கள். சாரல் அடிக்காத பக்கத்தை முழுதாகவும் எதிர்ப் பக்கத்தை ஒரு சாண் அளவாவது திறந்து வைத்தால் காற்று குறுக்கே ஓடும். மின்விசிறியோ உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும். ஒரே வகுப்பில் மூன்று நான்கு பிள்ளைகள் காய்ச்சலால் வராவிட்டால் சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லிவிடுங்கள். பள்ளியை மூடுவது கடைசி வழி. 2023 மார்ச்சில் ஹெச்3என்2 வகை ஃப்ளூ பரவியபோது புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் அளவுக்கு மூடினார்கள். மூடினால் டியூஷனும் மூட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் பெரிய அறையிலிருந்து சின்ன அறைக்கு இடம் மாறுகிறார்கள், அவ்வளவே.

உள்ளாட்சியினருக்கு: கொசுப் புகை டெங்குவுக்கான வேலை, ஃப்ளூவுக்குப் புகை அடித்தோம் என்று கணக்குக் காட்டாதீர்கள். சாலையில் பிளீச்சிங் பவுடர் தூவுவதும் வீண். ஃப்ளூ வைரஸின் மேலுறை கொழுப்பாலானது, சோப்புத் தண்ணீரே அதைக் கரைத்துவிடும். கைப்பிடி, மேசை, குழாய்த் திருகு துடைக்க அது போதும். பிளீச்சிங் பவுடர்தான் வேண்டுமென்றால் புதிய பொட்டலத்திலிருந்து 1 லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம். கழிவறை ஆசிட்டோடு சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும்.

நிலவேம்புக் குடிநீர் பற்றி எழுதாவிட்டால் இந்த மடல் முழுமையாகாது என்று எங்களில் ஒருவர் பிடிவாதமாக இருக்கிறார். குடிப்பவர் குடிக்கட்டும். ஆனால் காய்ச்சல்காரர்களை ஒரே வரிசையில் அரை மணி நேரம் நிற்க வைத்து ஒரே தம்ளரில் ஊற்றித் தராதீர்கள். பி பிரிவில் இருப்பவர் அதைக் குடித்துவிட்டு 48 மணி நேரத்தைக் கடத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதம் தரும், வைரஸைக் கொல்லாது. போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரத்தோடு சிறு பிள்ளையை உட்கார வைத்தால் கடைசியில் தீக்காயப் பிரிவில்தான் போய் நிற்க வேண்டிவரும்.

நோட்டீஸின் அடியில் வெளியிட்ட தேதி, வார்டு எண், உங்கள் நிலையத்தின் புறநோயாளிப் பிரிவு திறந்து மூடும் நேரம், அதன் பிறகு போக வேண்டிய 24 மணி நேர மருத்துவமனை, ஓசெல்டாமிவிர் கையிருப்பில் இருக்கும் இடம், 104, 108 ஆகியவை இருக்கட்டும். தேதியில்லாத நோட்டீஸ் போன வருஷத்து நோட்டீஸாகிவிடும். அச்சுக்குப் போகும் முன் எட்டாம் வகுப்பு வரை மட்டும் படித்த ஒருவரிடம் கொடுத்து, ‘12 கிலோ பிள்ளைக்கு இந்தப் புட்டியில் எத்தனை மி.லி.?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் விடை தவறினால் நோட்டீஸைத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
காய்ச்சல் பிரிவிலும் மருந்தகத்திலும் களத்திலும் பணிபுரியும் சிலர்